எதிர்ப்பு சக்தி குறைவா, கூடுதலா? க்ரோன்ஸ் நோயும் சைட்டோகைன்களும்

கேள்வி: 23 பிப்ரவரி 2025, ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

அக்கா, என் தம்பிக்கு 24 வயது. போன வருஷம் முழுக்க வயிற்றுப்போக்கு, வலது அடிவயிற்றில் வலி, ஆள் பாதியாக இளைத்துவிட்டான். இப்போது க்ரோன்ஸ் என்ற நாட்பட்ட குடல் அழற்சி நோய் என்கிறார்கள். ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்ததில் தேறினான், அளவைக் குறைத்ததும் எல்லாம் திரும்பிவிட்டது. அடுத்து இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டுமாம். அது எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்தாம். "எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தானே பிள்ளைக்கு நோய் வந்தது, இருக்கிறதையும் அடக்கினால் என்ன ஆவது?" என்று பெரியம்மா பிடிவாதமாக நிற்கிறார். எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிற பவுடர் வேறு வாங்கி வைத்திருக்கிறார். எனக்கும் அவர் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. நீங்கள் இந்த நோயோடு பல வருஷமாக இருக்கிறீர்கள், ஆய்வுக்கூடத்திலும் வேலை பார்த்தவர். என்ன சொல்கிறீர்கள்?

23 பிப்ரவரி, இரவு

பவுடரை இன்றைக்கு நிறுத்துங்கள். காரணம் கீழே.

உங்கள் தம்பியின் எதிர்ப்பு சக்தி குறையவில்லை. அவன் குடலில் அது ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது, அதுதான் நோய். நம் பெருங்குடலில் லட்சம் கோடிக் கணக்கில் பாக்டீரியா வாழ்கிறது. அதற்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே ஒரே ஒரு வரிசை செல்கள்தான் இருக்கின்றன. அந்த வரிசைக்கு அடியில் எதிர்ப்புச் செல்கள் கூட்டமாகக் காவலிருக்கின்றன. ஒரு செல் எதையாவது கண்டால் மற்றவற்றுக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியைச் சுமக்கிற சின்னப் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-12, இன்டர்லூக்கின்-23, காமா இன்டர்ஃபெரான் எல்லாம் "ஆள் அனுப்பு, சண்டை போடு" என்று சொல்பவை. இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா இரண்டும் "போதும், நிறுத்து" என்று சொல்பவை.

நமக்கெல்லாம் கெட்டுப்போன சாப்பாட்டால் வயிறு கெட்டால் முதல் கூட்டம் கிளம்பும், வேலை முடிந்ததும் இரண்டாவது கூட்டம் அடக்கிவிடும், நாலு நாளில் சரியாகிவிடும். க்ரோன்ஸில் அந்த அடக்கம் நடப்பதில்லை. தன் குடலில் எப்போதும் வாழ்கிற பாக்டீரியாவையே எதிரியாக நினைத்துச் சண்டை நீள்கிறது, அதில் குடல் சுவரே புண்ணாகிறது.

இது ஊகம் இல்லை. 1993இல் ஜெர்மனியில் இன்டர்லூக்கின்-10 மரபணு இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு நாட்பட்ட குடல் அழற்சி வந்தது. நிறுத்தச் சொல்லும் ஒரே ஒரு செய்தி இல்லாமல் போனதற்கு அந்த விளைவு. பிறகு அதே வகை எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்துப் பார்த்தார்கள், அழற்சி வரவில்லை. 2009இல் மனிதக் குழந்தைகளிலும் இதைக் கண்டார்கள்: இன்டர்லூக்கின்-10 சொல்வதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பழுதாகப் பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த முதல் வருஷத்திலேயே மிகக் கடுமையான குடல் அழற்சி.

அதனால் பெரியம்மாவிடம் கோபப்படாதீர்கள். அவர் அக்கறை சரிதான். ஆனால் இங்கே ஏற்றிவிட வேண்டியது எதுவும் இல்லை.

25 பிப்ரவரி

பவுடர் டப்பாவின் படம் பார்த்தேன். எக்கினேசியா, அஸ்வகந்தா, பெயர் போடாத "மூலிகைக் கலவை" என்று இருக்கிறது. பெயர் போடாத எதையும் இவன் வாயில் வைக்க வேண்டாம். அவன் குடிக்கிற, விழுங்குகிற எல்லாவற்றின் பட்டியலையும் மருத்துவரிடம் கொடுங்கள், டப்பாவையே எடுத்துப் போங்கள். வலிக்கு ஐப்யூப்ரோஃபென் எடுக்கிறானா என்றும் கேளுங்கள். எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அது குடலைக் கிளறிவிடும். சிகரெட் பிடிக்கிறானா? க்ரோன்ஸில் சிகரெட்டை விடுவது ஒரு மருந்துக்குச் சமம்.

2 மார்ச்

டிஎன்எஃப் பற்றி விரிவாகக் கேட்டிருந்தீர்கள். எனக்கும் இதைச் சொல்ல ஆசை, ஏனென்றால் என் உடம்பில் நடந்ததெல்லாம் எதனால் என்று இந்தக் கதையைப் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

1975இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டு குழுவினர் எலியின் ரத்தத்தில் ஒரு பொருளைக் கண்டார்கள். அது கட்டியை அழுகவைத்ததால் கட்டி நசிவுக் காரணி என்று பெயர் வைத்தார்கள், டிஎன்எஃப் என்பது அதன் சுருக்கம். அதே காலத்தை ஒட்டி இன்னொரு கூட்டம், நாள்பட்ட நோயில் உடம்பு ஏன் உருகிப்போகிறது என்று தேடிக்கொண்டிருந்தது. உடம்பை உருக்கும் அந்தப் பொருளுக்குக் காக்கெக்டின் என்று பெயர் கொடுத்தார்கள். 1985இல் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

நோய் கண்டுபிடிப்பதற்கு முன் எனக்குச் சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு. ரவிக்கை எல்லாம் பிடித்துத் தைத்தாலும் தொங்கும். "சாப்பிடுவதே இல்லை, பிறகு எப்படி உடம்பு தேறும்" என்று வீட்டில் தினமும் திட்டு. பசியை அணைப்பதும் தசையைக் கரைப்பதும் குடலில் இருந்து கிளம்பிய அதே செய்தி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. உங்கள் தம்பியைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அழற்சி அடங்கினால் பசி தானாக வரும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

ரத்தசோகையும் அப்படித்தான். ஒரு மருத்துவர் எனக்கு இரும்பு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். ஹீமோகுளோபின் ஏறவே இல்லை, மாத்திரையை நான் ஒழுங்காக விழுங்குவதில்லை என்று முடிவு கட்டினார். நடந்தது வேறு. இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குப் போய் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. ஹெப்சிடின், இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் வழியை மூடிவிடும். கிருமிகளுக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்பதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. வாய்வழி மாத்திரை எவ்வளவு போட்டாலும் பெரும்பகுதி குடலிலேயே நின்று வெளியே போகும். எனக்குக் கடைசியில் நரம்பு வழியாக இரும்பு ஏற்றிய பிறகுதான் படியேற முடிந்தது. உங்கள் தம்பிக்கு இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு மட்டும் பார்த்தால் போதாது, அழற்சியைக் காட்டும் சிஆர்பியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும்.

மருந்தின் கதை இன்னும் சொல்லவில்லை. 1993இல் ஆம்ஸ்டர்டாமில், எந்த மருந்துக்கும் அடங்காத க்ரோன்ஸ் இருந்த ஒரு சிறுமிக்கு டிஎன்எஃப்-ஐப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) முதல்முறையாகக் கொடுத்தார்கள். அவள் தேறினாள். 1997இல் பெரிய சோதனையின் முடிவு வந்தது, 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுதான் இன்ஃப்ளிக்ஸிமாப். அது எதிர்ப்பு சக்தி முழுவதையும் அடக்குவதில்லை. ஒரு செய்தியைப் பிடித்து நிறுத்துகிறது. ப்ரெட்னிசோன்தான் எல்லாவற்றின் மேலும் கை வைக்கும், எலும்பு, சர்க்கரை, தூக்கம் உட்பட. பெரியம்மா பயப்பட வேண்டுமென்றால் அவன் மாதக்கணக்கில் ப்ரெட்னிசோனில் இருப்பதைப் பார்த்துப் பயப்படட்டும்.

5 மார்ச்

இதை மட்டும் தவறாமல் படியுங்கள். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம்.

டிஎன்எஃப் குடலைப் புண்ணாக்குகிறது, சரி. அதே டிஎன்எஃப்தான் காசநோய்க் கிருமியைச் சுற்றி எதிர்ப்புச் செல்களை நெருக்கமாகக் கட்டி வைத்திருக்கிறது. அந்தக் கட்டுக்குக் கிரானுலோமா என்று பெயர். அதற்குள் கிருமி சாகாமல் பல வருஷம் தூங்கும். டிஎன்எஃப்-ஐ நிறுத்தினால் கட்டு தளர்ந்துவிடும்.

2001இல் அமெரிக்காவில் இருந்து வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்தவர்களில் காசநோய் வந்த 70 பேரைப் பற்றிச் சொன்னது. பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று முறை மருந்து ஏற்றுவதற்குள்ளேயே வந்துவிட்டது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நுரையீரலுக்கு வெளியே. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க முதலில் காசநோய்ச் சோதனை, பிறகே மருந்து என்ற ஒழுங்கு வந்தது. உலகத்தில் காசநோய் அதிகம் உள்ள நாடுகளில் தென்னாப்பிரிக்கா ஒன்று. இங்கே இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்ல வேண்டியவை: வீட்டில் யாருக்காவது காசநோய் வந்திருக்கிறதா, தாத்தா, ஆயா காலத்தில் ஆறு மாத மருந்து யாராவது சாப்பிட்டார்களா, தம்பி வேலை செய்யும் இடத்தில் யாராவது இருமிக்கொண்டிருக்கிறார்களா. நம் குடும்பங்களில் இதை மறைத்து வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கல்யாணப் பேச்சுக்குத் தடையாகும் என்று பயந்து வாயைத் திறக்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் மறைத்தால் ஆபத்து அவன் உயிருக்கு.

சோதனை இரண்டு வகை. தோலில் ஊசி போட்டு வீக்கத்தை அளப்பது ஒன்று. நமக்கெல்லாம் பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் அது குழப்பலாம். இன்னொன்று ரத்தச் சோதனை, நான் கூடத்தில் நிறையச் செய்திருக்கிறேன். ரத்தத்தோடு காசநோய்க் கிருமியின் சில புரதத் துண்டுகளைச் சேர்த்து இரவு முழுக்க வெதுவெதுப்பில் வைப்போம். அந்தக் கிருமியை முன்பே சந்தித்த செல்கள் இருந்தால் காமா இன்டர்ஃபெரானை வெளியே விடும். காலையில் அதை அளப்போம். இந்தத் துண்டுகள் பிசிஜியில் இல்லாதவை, அதனால் தடுப்பூசி குழப்பாது. ப்ரெட்னிசோன் அதிகம் எடுத்துக்கொண்டிருந்தால் செல்கள் மந்தமாகி முடிவு தெளிவில்லாமல் வரலாம். "தெளிவில்லை" என்று வந்த தாளை "இல்லை" என்று படித்துக்கொண்டு யாரும் அடுத்த படிக்குப் போக விடாதீர்கள். மார்பு எக்ஸ்ரேயும் வேண்டும். எச்ஐவி சோதனைக்கும் கூச்சப்படாமல் சம்மதிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு ரத்தச் சோதனையில் இருப்பதாக வந்தது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எங்கிருந்து ஒட்டியதோ. ஐசோனியாசிட், கூடவே பி-6 மாத்திரை சாப்பிடத் தொடங்கி, கொஞ்ச காலம் கழித்துத்தான் இன்ஃப்ளிக்ஸிமாப் ஏற்றினார்கள். அந்தக் காத்திருப்பு கஷ்டமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மருத்துவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

5 மார்ச், சற்று நேரம் கழித்து

ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவனுக்கு இருப்பது க்ரோன்ஸ்தானா, குடல் காசநோயா என்று எப்படி முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். இரண்டும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் அதே வலது பக்கத்தில் வரும். இரண்டிலும் எடை குறையும், இரண்டிலும் கிரானுலோமா தெரியும். இந்தியாவிலும் இங்கேயும் குடல் மருத்துவர்களுக்கு இது தினப்படி தலைவலி. திசுத் துண்டைக் காசநோய்க் கிருமிக்காகச் சோதித்தார்களா என்பது உங்கள் கேள்வியாக இருக்கட்டும். ப்ரெட்னிசோனில் தேறினான் என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

11 மார்ச்

வேறொரு வாசகர், டோங்காட்டில் இருந்து, மஞ்சள் பற்றிக் கேட்டிருக்கிறார். "குர்க்குமின் டிஎன்எஃப்-ஐக் குறைக்கும் என்று படித்தேன், விக்டோரியா தெரு மார்க்கெட்டில் நல்ல மஞ்சள் கிடைக்கிறது, ஊசி எதற்கு?"

நீங்கள் படித்தது உண்மைதான் ஐயா. பல சைட்டோகைன்களை எழுதச் சொல்லும் என்எஃப்-கப்பாபி என்ற விசையைக் குர்க்குமின் ஆய்வுக்கூடத்தில் தடுக்கிறது. மனிதரிலும் 2015இல் ஒரு சோதனை வந்தது. லேசானது முதல் நடுத்தரம் வரையான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலைப் புண்ணாக்கும் இன்னொரு அழற்சி நோய்), 50 நோயாளிகள், ஏற்கெனவே எடுத்துவந்த மெசலமின் என்ற அழற்சி மருந்தோடு கூட நாளைக்கு 3 கிராம் குர்க்குமின். ஒரு மாதத்தில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். அது க்ரோன்ஸ் இல்லை. அப்புறம், மஞ்சள் தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான். 3 கிராம் வேண்டுமென்றால் நாளைக்கு 100 கிராம் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். குழம்பில் போடுவது ஒரு தேக்கரண்டி. சமையலில் தாராளமாகப் போடுங்கள், மருந்தென்று எண்ணி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

20 மார்ச்

"அப்படியானால் இந்தச் செய்திகளை எல்லாம் ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டால் நோயே போய்விடுமே" என்று தம்பியே எழுதியிருக்கிறான். நல்ல கேள்வி தம்பி. இதைப் பற்றித்தான் நான் ரொம்ப நாளாக யோசிக்கிறேன்.

முதல் நாள் குறிப்பில் சண்டைக்கு அழைக்கும் கூட்டம், நிறுத்தச் சொல்லும் கூட்டம் என்று இரண்டாகப் பிரித்தேன். பயந்துபோயிருந்த உன் அக்காவுக்கு அது போதும். உனக்குப் போதாது, ஏனென்றால் ஒவ்வொரு சைட்டோகைனும் குடலில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை பார்க்கிறது.

இன்டர்லூக்கின்-17ஐ எடுத்துக்கொள். க்ரோன்ஸ் புண்ணில் அது ஏராளமாக இருக்கிறது. சொரியாசிஸில் அதைத் தடுக்கும் செக்குகினுமாப் அருமையாக வேலை செய்கிறது. குடலிலும் அப்படியே செய்யும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது: பலன் இல்லை, மருந்து எடுத்தவர்களுக்கு நோய் கூடியது, பூஞ்சைத் தொற்றும் அதிகம். குடல் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்து வைப்பதிலும் கேண்டிடா பூஞ்சையைக் கட்டுக்குள் வைப்பதிலும் இன்டர்லூக்கின்-17க்குப் பங்கு இருக்கிறது. புண் இருக்கும் இடத்தில் அது நிற்பதைப் பார்த்துக் குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். அது புண்ணைச் சரிசெய்யவும் வந்திருந்தது.

எட்டானர்செப்ட் இன்னொரு பாடம். இதுவும் டிஎன்எஃப்-ஐத்தான் பிடிக்கிறது, மூட்டுவாதத்துக்கு நன்றாகக் கேட்கும். க்ரோன்ஸில் 2001இல் சோதித்தார்கள், கேட்கவில்லை. ரத்தத்தில் மிதக்கும் டிஎன்எஃப்-ஐ அது நன்றாகப் பிடிக்கிறது. செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் டிஎன்எஃப்-ஐ இன்ஃப்ளிக்ஸிமாப் போல வலுவாகப் பிடிப்பதில்லை. இன்ஃப்ளிக்ஸிமாப் அங்கே ஒட்டி, அடங்காமல் நிற்கும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களைச் சாகவும் வைக்கிறது. இதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம்.

மூன்றாவது இன்டர்லூக்கின்-10. எலியில் அது இல்லாததால் நோய் வந்தது என்றால் அதையே ஊசியாகப் போட்டால் நோய் போக வேண்டும் அல்லவா? போட்டுப் பார்த்தார்கள். பெரிய பலன் எதுவும் இல்லை. ரத்தத்தில் ஏற்றிய செய்தியும், குடல் சுவரில் சரியான இடத்தில் சரியான செல் அனுப்பும் செய்தியும் ஒன்றாகிவிடாது.

மாறாக இன்டர்லூக்கின்-23 பிடிகொடுத்தது. 2000இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இன்டர்லூக்கின்-12ஓடு ஒரு பாதியைப் பகிர்ந்துகொள்கிறது. 2006இல் அதன் ஏற்பி மரபணுவில் ஒரு சிறு மாற்றம் உள்ளவர்களுக்கு க்ரோன்ஸ் வரும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது என்று தெரிந்தது. பிறவியிலேயே அந்தச் செய்தி கொஞ்சம் மெதுவாகக் கேட்பவர்கள், மற்றபடி ஆரோக்கியமாகத்தான் வாழ்கிறார்கள். எந்தச் செய்தியைத் தடுத்தால் உடம்பு தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று நான் நினைக்கிறேன். 12, 23 இரண்டுக்கும் பொதுவான பாதியைப் பிடிக்கும் உஸ்டெகினுமாப் 2016இல் க்ரோன்ஸுக்கு அனுமதி பெற்றது. 23ஐ மட்டும் பிடிக்கும் ரிசான்கிசுமாப் 2022இல்.

அதனால் தம்பி, "எதிர்ப்பு சக்தியை அடக்குகிறார்கள்" என்று யாராவது சொன்னால், எந்தச் செய்தியை, எந்த இடத்தில் என்று கேட்கப் பழகிக்கொள். உன் மருத்துவரிடமும் கேள்.

30 மார்ச்

பங்குனி உத்திரம் வருகிறது, அம்மா வேண்டுதல் வைத்திருக்கிறார்கள், அலகு குத்திக் காவடி எடுக்கலாமா என்று தம்பி கேட்கிறான். முதல் முறை மருந்து ஏற்றியாகிவிட்டதாம்.

என் கருத்து: காவடி எடு, அலகு வேண்டாம். தோலைத் துளைத்தால் உள்ளே போகும் கிருமியை முதலில் எதிர்கொள்ளும் செய்திகளில் டிஎன்எஃப் முன்னால் நிற்கிறது, உன் உடம்பில் இப்போது அது கட்டப்பட்டிருக்கிறது. ப்ரெட்னிசோனும் முழுதாக விடவில்லை, காயம் ஆற நாளாகும். பால்குடம் எடுத்தாலும் முருகன் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நானும் நோய் வந்த பிறகு பால்குடம்தான், மனதுக்கு ஒரு குறையும் இல்லை.

பால் என்றதும் நினைவுக்கு வருகிறது. காய்ச்சாத பாலைப் பிரசாதமாகக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்துவிடு. காய்ச்சாத பாலில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா, செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிருமி, அதை அடக்கவும் டிஎன்எஃப் வேண்டும். 2017, 2018இல் நம் நாட்டில் போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவியதே, அது இதுதான். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நோய், 200க்கு மேல் சாவு. போலோனி, குளிர்ந்த இறைச்சித் துண்டுகள் வேண்டாம். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய பன்னி சாவ் சாப்பிடலாம், உள்ளே குழம்பு கொதிக்கக் கொதிக்க இருக்கட்டும். காரம் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று நீயே பார்த்துக்கொள். காரத்தால் இந்த நோய் வரவில்லை.

6 ஏப்ரல்

ஃப்ளூ ஊசியைக் குளிர்காலத்துக்கு முன் போட்டுவிடுங்கள், மே வரை தள்ளாதீர்கள். உயிரில்லாத வகை ஊசி, பயமில்லை.

27 ஏப்ரல்

வீட்டிலேயே அடலிமுமாப் (இதுவும் டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்து) பேனா ஊசி போட்டுக்கொள்ளும் இரண்டு பேர் மின்வெட்டு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் கதவைத் திறக்காத குளிர்சாதனப் பெட்டி தாங்கும், தூக்கி எறிய வேண்டாம். முதலில் வந்த அடலிமுமாபை 25 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்று அதன் தாளிலேயே இருக்கிறது. உங்களுடையது வேறு கம்பெனியுடையது என்றால் அதன் தாளைப் பாருங்கள். டர்பன் கோடையில் சமையலறை 25க்குள் நிற்காது என்பதையும் யோசியுங்கள். ஃப்ரீசருக்குள் வைத்துவிடாதீர்கள், உறைந்தால் புரதம் கெட்டது, உருகிய பிறகும் பயன்படாது.

மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு பற்றிக் கேட்டவருக்கு: கட்டாயமாகக் கவனிக்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் க்ரோன்ஸும் இருக்கிறது, அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் இருக்கிறது. அதற்காக எந்தத் திட்டத்திலும் இந்த ஊசி கிடைத்துவிடும் என்று அர்த்தம் இல்லை. மருத்துவரின் கடிதம், முன்பு கேட்காத மருந்துகளின் விவரம், கொலோனோஸ்கோப்பி அறிக்கை, மலச் சோதனையில் வந்த கால்புரொடெக்டின் எண், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி அனுப்புங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். பேசி விட்டுவிடாதீர்கள்.

8 ஜூன்

தம்பியின் கால்புரொடெக்டின் 1400இல் இருந்து 180க்கு வந்திருக்கிறது. எடை ஏறுகிறது. இதைப் படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. 180 இன்னும் முழுதாக அடங்கிய எண் இல்லை, 50க்குக் கீழே வந்தால் நிம்மதி. கால்புரொடெக்டின் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்குள் இருக்கும் புரதம். இன்டர்லூக்கின்-8 போன்ற செய்திகள் அந்த அணுக்களைக் குடலுக்கு இழுக்கும்போது மலத்தில் வந்து சேர்கிறது. குடலுக்குள் எவ்வளவு கூட்டம் கூடியிருக்கிறது என்பதை வலியைவிட இது நேர்மையாகச் சொல்லும். வலி இல்லாத நாளிலும் மாதிரியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு தனியார் கூடம் "முழு சைட்டோகைன் பரிசோதனை" விற்கிறது, எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சைட்டோகைன் பெரும்பாலும் பக்கத்துச் செல்லோடு பேசுகிறது. ரத்தத்தில் வந்து சேர்வது கொஞ்சம், அதுவும் மணிக்கு மணி மாறும், சாதாரண ஜலதோஷத்திலும் ஏறும். அந்த எண்களைப் பார்த்து இன்றைக்கு எந்தக் குடல் மருத்துவரும் மருந்தை மாற்ற மாட்டார். ஆன்கோஸ்டாட்டின்-எம் என்ற ஒரு சைட்டோகைன் குடல் திசுவில் அதிகம் உள்ளவர்களுக்கு டிஎன்எஃப் தடுப்பு மருந்து கேட்காமல் போகும் வாய்ப்பு கூடுதல் என்று 2017இல் ஆய்வு வந்தது. இப்படிப்பட்ட சோதனை மருத்துவமனைக்கு வரட்டும் என்று நானும் காத்திருக்கிறேன். அதுவரை அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள்.

22 ஜூன்

இவ்வளவு நல்ல பலன் தருகிற மருந்து ஏன் உங்களுக்கு நின்றுபோனது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இன்ஃப்ளிக்ஸிமாபில் நான்கில் ஒரு பங்கு எலியின் புரதம். என் உடம்பு அதற்கே எதிர்ப்பொருள் செய்துவிட்டது. முதல் அடையாளம், எட்டு வார இடைவெளியில் கடைசி இரண்டு வாரம் பழைய வலி எட்டிப் பார்த்தது. அடுத்த முறை மருந்து ஏற்றும்போது முகம் சிவந்து மூச்சு இறுகியது. ரத்தத்தில் பார்த்தால் மருந்தே இல்லை, எதிர்ப்பொருள் நிறைய. இதைக் குறைக்கத்தான் சிலருக்குத் தொடக்கத்திலேயே அசாதயோபிரின் என்ற, எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் மாத்திரையையும் சேர்க்கிறார்கள், 2010இல் வந்த பெரிய சோதனை ஒன்றில் இரண்டும் சேர்ந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. ஆனால் இளம் ஆண்களுக்கு இரண்டையும் நெடுநாள் சேர்த்துக் கொடுப்பதில் மிக அரிதான ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயின் ஆபத்து இருப்பதால் மருத்துவர்கள் தயங்குவார்கள். தம்பிக்கு ஏன் சேர்க்கவில்லை என்ற கேள்விக்கும் இது பதிலாக இருக்கலாம், அவரையே கேளுங்கள்.

எனக்கு உஸ்டெகினுமாப் மாற்றினார்கள். மெதுவாகத்தான் பிடித்தது. இப்போது நன்றாக இருக்கிறேன். இடைவெளியைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே இதில் நான் வற்புறுத்துவது. விட்டு விட்டு எடுத்தால் எதிர்ப்பொருள் உருவாக வழி கொடுக்கிறோம். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக ஒரு முறை விட்டுவிடாதீர்கள்.

17 ஆகஸ்ட்

மெரிபேங்கில் இருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். மனைவி ஏழு மாத கர்ப்பம், க்ரோன்ஸுக்கு அடலிமுமாப் எடுத்துக்கொண்டிருக்கிறார், குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று.

மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம் அண்ணா. கர்ப்பத்தில் நோய் கிளம்பினால் குழந்தைக்கு அதுதான் அதிக ஆபத்து. நீங்கள் கவனிக்க வேண்டியது பிரசவத்துக்குப் பிறகு. இந்த எதிர்ப்பொருள்கள் கடைசி மூன்று மாதத்தில் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும், பிறந்து பல மாதம் அதன் ரத்தத்தில் நிற்கும். அத்தனை நாளும் குழந்தையின் டிஎன்எஃப்பும் கட்டப்பட்டிருக்கும். நம் நாட்டிலோ பிறந்தவுடனே பிசிஜி போடுகிறார்கள். பிசிஜி உயிருள்ள கிருமி. கர்ப்பத்தில் இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்த ஒரு தாயின் குழந்தைக்கு மூன்றாம் மாதம் பிசிஜி போட்டு, அந்தக் கிருமியே உடம்பெல்லாம் பரவி நாலரை மாதத்தில் குழந்தை இறந்தது 2010இல் பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பிசிஜியைக் குறைந்தது ஆறு மாதமாவது, பல இடங்களில் ஒரு வருஷம் வரை தள்ளிப் போடுகிறார்கள்.

பிரசவ வார்டில் யாரும் கேட்க மாட்டார்கள், வழக்கம்போல் எல்லாக் குழந்தைக்கும் போட்டுக்கொண்டே போவார்கள். அதனால் இப்போதே குடல் மருத்துவரிடம் கடிதம் வாங்கி, மகப்பேறு அட்டையின் முன்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அண்ணி மயக்கத்தில் இருந்தால் பேச உங்கள் மாமியாரோ நீங்களோ பக்கத்தில் இருங்கள். சொட்டு மருந்துகளிலும் உயிருள்ளவை உண்டு, எதை எப்போது கொடுப்பது என்று குழந்தை மருத்துவரிடம் அதே கடிதத்தோடு கேளுங்கள். மற்ற ஊசிகள் எல்லாம் நேரத்துக்குப் போடலாம். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், பாலில் மருந்து வருவது மிகக் கொஞ்சம். பிசிஜி தள்ளிப்போகும் அந்த மாதங்களில் வீட்டில் இருமுகிறவர் யாரும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச விடாதீர்கள், சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.